வீட்டில் யாருக்காவது இருந்ததா

முதலில் கையைச் சூடாக்கிக்கொள்வேன். எங்கள் கிளினிக்கில் ஏசியை எப்போதும் அதிகமாக வைத்திருப்பார்கள். வருகிற பெண்கள் ஏற்கெனவே கூச்சத்தில் குறுகிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். ஜில்லென்ற கையால் தொட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும். அதனால் வெந்நீர்க் குழாயில் கையைக் காட்டி, துண்டில் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டுதான் திரையை விலக்கிப் போவேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் படுத்துக் கிடந்த காலத்தில் என்னைத் தொட்டவர்கள் ஒருவர்கூட இப்படிச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் பெண்களிடம் என்னென்ன சொல்வேன் என்று கேட்டீர்கள். விசாரணைக் குழுவிலிருந்து வந்திருக்கிறீர்கள், நீங்கள் டாக்டர், நான் வெறும் நர்ஸ், உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். உள்ளே வைக்கிற சிலிக்கான் பை ஆயுசுக்கும் வராது, ஒருநாள் மாற்ற வேண்டிவரும் என்பேன். சிலருக்கு அதைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டும், அது இறுகி வலிக்கும் என்பேன். உணர்ச்சி குறையலாம், பிள்ளைக்குப் பால் கொடுப்பது சிரமமாகலாம். இனிமேல் எங்கே ஸ்கேன் எடுக்கப் போனாலும் உள்ளே பை இருப்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மறைத்துக்கொண்டு வேறொன்று தெரியாமல் போய்விடும். வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார் என்று வந்த ஒருத்தியிடம், "அப்போ ஆபரேஷன் டேபிள்ல அவரையே வந்து படுத்துக்கச் சொல்லும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் அன்றைக்கு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண் பிறகு தன் தோழிகள் மூன்று பேரை என்னிடம் அனுப்பினாள். அங்கே எல்லாருக்கும் நான் அக்காதான்.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு கேள்வி கேட்பேன். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா. அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் கேட்பேன், சும்மா கேட்டால் சட்டென்று இல்லை என்றுவிடுவார்கள். இருந்தது என்றால் எந்த வயசாக இருந்தாலும் ஸ்கேன் பார்க்காமல் எங்கள் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். இல்லை என்றால், வயசும் குறைவு என்றால், நான் தொட்டுப் பார்த்துச் சொல்வதோடு சரி. என் கைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. அளவு பார்க்கும் அறையில் மாதிரிப் பைகளைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்களுக்குக் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருத்தி தன் வீட்டு விசேஷம் எதற்கும் என்னைக் கூப்பிடாமல் விட்டதில்லை.

எனக்கு அந்த நோய் வந்தபோது தங்கை காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். அவளைக் குட்டி என்று கூப்பிடுவோம். ரிசல்ட் வந்த அன்று அம்மா அழவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். "வெளிய மூச்சு விடாத. பெரியவளுக்கு இப்படின்னு தெரிஞ்சா சின்னவளை எவன் கட்டிப்பான்?" என்றாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். காதும் காதும் வைத்தாற்போல வேறொரு ஊரில் இடது பக்கத்தை மொத்தமாக எடுத்தார்கள். குட்டியிடம் டைபாய்டு என்று சொன்னோம். முடி கொட்டியதற்கும் டைபாய்டு, மெலிந்ததற்கும் டைபாய்டு. பழைய காட்டன் துணியில் பஞ்சைத் திணித்துத் தைத்து நானே ஒன்று செய்து போட்டுக்கொண்டேன். பிறகு கடையில் விற்கிற சிலிக்கான் திண்டு ஒன்று வாங்கினேன், நன்றாகவே செய்கிறார்கள். கிளினிக்கில்கூட யாருக்கும் தெரியாது. எனக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் பெரியவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று அம்மாவே தட்டிக் கழித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். எடுத்த இடத்தில் மார்பைத் திரும்ப அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது, டாக்டரிடம் சொல்லிப் பார்க்கட்டுமா என்று. அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "யார் பாக்கப் போறாங்கன்னு உனக்கு இதெல்லாம்?" என்றாள். நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. கத்தித் தீர்த்துக்கொள்ள எனக்குத் தெரியாது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனேன்.

அதே அம்மாதான் குட்டியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். குட்டிக்குக் குழந்தை பிறந்து பால் கொடுத்து, மார்பு வாடிப் போயிருந்தது. சட்டை எதுவும் நிற்கவில்லை என்று அவளுக்குக் குறை. "ஆசைப்படறா, செஞ்சுக்கட்டுமே. நல்லதா பாத்து எடு" என்றாள் அம்மா, துணிக்கடையில் சொல்வதைப் போல. நான் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். கையைச் சூடாக்கிக்கொண்டேன்.

குட்டி நல்ல பெண். அதையும் சொல்லத்தான் வேண்டும். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு மாதிரிப் பையையும் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். "இது வேணாம்கா, கதவைத் திறந்தா நான் வர்றதுக்கு முன்னாடி இது உள்ள போயிடும்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "உனக்கென்னக்கா, இந்த வயசுலயும் எப்படி இருக்கே. எனக்கு உன்னோடது மாதிரி இருந்தாலே போதும்" என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது என் விரல் அவளுடைய அக்குளை ஒட்டி இருந்தது. பட்டாணி அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தினேன், நகரவில்லை. எனக்கு வந்த அதே இடம். இன்னொரு முறை தொட்டுப் பார்க்கத் தேவை இருக்கவில்லை, இருந்தும் பார்த்தேன்.

அம்மா திரைக்கு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் எல்லாரையும் கேட்கிற அதே குரலில் குட்டியைக் கேட்டேன். வீட்டில் யாருக்காவது இருந்ததா. அம்மா, அக்கா, தங்கை என்று வரிசையாகச் சொன்னேன்.

"என்கிட்டயே கேக்கறியா? நம்ம வீட்ல யாருக்குக்கா இருந்தது?" என்றாள் குட்டி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவசரப்படவில்லை. அவளுக்கு வேண்டிய நேரம் கொடுத்தேன். இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். அம்மா குட்டியின் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். "நம்ம வீட்ல அதெல்லாம் கிடையாது" என்றாள், பைக்குள் பார்த்துக்கொண்டே.

சரி என்றேன். டாக்டரிடம் போய், எல்லாம் நன்றாக இருக்கிறது, குடும்பத்திலும் யாருக்கும் கிடையாது என்று சொன்னேன். என் தங்கையாயிற்றே, எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். தோலில் பேனாவால் கோடு போட்டார், அளவை ஒருமுறை சரிபார்த்தார், அவ்வளவுதான். அவர்மேல் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. குட்டி புதுச் சட்டைகளில் போட்டோ எடுத்து அனுப்புவாள். கொஞ்ச காலம் கழித்து போன் செய்தாள். "அக்கா, அக்குள் பக்கம் கெட்டியா இருக்கே." உறை கட்டுகிறது, சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். பொய்யில்லை, எல்லாப் பெண்களிடமும் சொல்கிற அதே வார்த்தைதான். மறுபடியும் கேட்டாள். மசாஜ் செய்யச் சொன்னேன். மூன்றாவது முறை, "டாக்டரை ஒரு தடவை பாத்துடட்டுமா?" என்றாள். "நான் கேட்டுட்டேன் குட்டி, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார்" என்றேன். அது ஒன்றுதான் பொய். பிறகு அவள் கேட்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினாள். முதுகு வலி என்று வேறு டாக்டரிடம் போனபோது நோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது.

இப்போது ஆஸ்பத்திரியில் அவள் அறையைப் பார்த்தீர்களா. உட்கார இடமில்லை. அம்மா ஒருத்தர் விடாமல் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இந்த முறை ஜன்னல் எதையும் சாத்தவில்லை. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பழக்கூடையோடு வருகிறார்கள். கட்டிலுக்குக் கீழேகூட ஆப்பிள். நான் படுத்திருந்தபோது எனக்கு ஓர் ஆப்பிள் வரவில்லை. எப்படி வரும், எனக்குத்தான் டைபாய்டு ஆயிற்றே.

போன வாரம் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பரம்பரையிலயே இது யாருக்கும் கிடையாதுங்க. எம்பொண்ணுக்கு எங்கேருந்து வந்துதுன்னே தெரியல" என்றாள். நானும் அவள் பெண்தான். பக்கத்தில்தான் இருந்தேன்.

நான் இடது கையை ஜாக்கெட்டுக்குள் விட்டு அந்தத் திண்டை எடுத்தேன். பழத்தட்டில் ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இருந்ததும்மா என்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா, ஒரு துண்டை எடுத்து அந்தத் தட்டை மூடினாள்.

குட்டி அம்மாவைப் பார்க்கவில்லை. வெகுநேரம் என் ஜாக்கெட்டின் தட்டையான பக்கத்தையே பார்த்தாள். "அன்னிக்கு என்னைத் தொட்டப்போ உன் கைக்குத் தெரிஞ்சுதாக்கா?" என்றாள். தெரிந்தது என்றேன். கேட்ட பிறகு மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. அவள் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். சண்டை போடவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. மாப்பிள்ளை மறுநாளே புகார் கொடுத்தார், நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

தெரிந்தேதான் செய்தேன். கட்டியைத் தொட்டது என் கை, இல்லை என்று டாக்டரிடம் சொன்னது என் வாய், அவளை வேறெங்கும் போகவிடாமல் பிடித்துவைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அம்மாவையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வெளியே மூச்சு விடாதே என்றவள் அவள். நான் விடவில்லை. இத்தனை வருஷமாக ஒருமுறைகூட விடவில்லை. அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் பெரிய பெண்ணுக்கு இருந்தது என்று ஒரே ஒரு வார்த்தை, நான் அப்போதே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். குட்டி பிழைத்திருப்பாள். எனக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அன்றைக்கு அந்தக் கண்ணாடி முன்னால் முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.