நாலாவது குற்றம்

இல்ல ஐயா, எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் கெடயாது. மொட்டைக் கடுதாசி வந்தா விசாரிக்கத்தான் செய்யணும். பெட்டிய இப்படிக் குடுங்க. சூப்பிரண்டு பாதிரி ஐயர் பெட்டி சொமந்து வர, குத்தஞ் சாட்டப்பட்ட தேவபிச்சை கைய வீசிக்கிட்டு வந்தான்னா, அதுக்கு இன்னொரு கடுதாசி போட்ருவாக. ஏறுங்க. பாத்து, படி ஆடும். சேக் மைதீன் அண்ணாச்சி, வண்டிய மேலகரம் வழியா விடும். மெதுவாப் போனாப் போதும்னு ஐயர் சொல்லுவாக, நீரு அதக் கேக்காதயும். வெரசா விடும்.

குத்தாலம் பங்களாவுக்கா? போவோம் ஐயா, பெறவு போவோம். அருவியில இப்ப தண்ணி நூலாட்டம் வடியுது, பாக்கதுக்கு ஒண்ணுமில்ல. தை மாசத்துல ஒங்கள இங்கன பாக்கது எனக்கே புதுசா இருக்கு. பத்தொம்பது வருசமா இந்த மெதடிஸ்ட் சபைக்கு நான் தலைவனா இருக்கேன். எந்த ஐயர் வந்தாலும் ஆனி ஆடியில, சாரல் விழும்போதுதான் வருவாக. நான் அதத் தப்பாச் சொல்லல. மத்த மாசத்துல வந்து என்ன செய்ய?

கடுதாசிய எடுக்கியளா? எடுங்க. போய்ச் சேர அரை மணி நேரம் ஆவும், அதுக்குள்ள விசாரணைய முடிச்சிரலாம். தலைவனா வச்சிருக்கதா, தூக்குததான்னு எறங்கும்போது சொல்லிட்டாப் போதும். இந்தப் பதவி போனா எனக்கு நட்டமில்லன்னு சொன்னா அது பொய். ஞாயித்துக்கெழம காலையில கோயில் மணியப் பிடிச்சு இழுக்கும்போதுதான் நானும் ஒரு ஆளுன்னு எனக்கே தோணும். மத்த ஆறு நாளும் மரக்கடையில தடிக்கு டேப்பு பிடிக்கவன்தான். சரி, அத வுடுங்க. வாசிங்க. ஆமா, எழுத்து கோழி கிண்டுன மாதிரித்தான் இருக்கு.

என்ன போட்ருக்கு? தேவபிச்சை எல்லாக் கீர்த்தனையையும் ஒரே மெட்டுல பாடுதான். ம். ஒத்துக்கிடுதேன். ஒரே மெட்டுன்னது கொஞ்சம் கூட. ரெண்டு மெட்டு தெரியும். ஒண்ணு கல்யாணத்துக்கு, ஒண்ணு மத்த எல்லாத்துக்கும். நம்ம சபையில கல்யாணம் நடந்து ஆறு வருசம் ஆச்சு, அதனால எனக்கு ஒண்ணுதான் தெரியும்னு அவுகளுக்குத் தோணியிருக்கும். பகல் பூரா ரம்பச் சத்தத்துல நிக்கவனுக்கு ராகம் எங்கேருந்து வரும்? போன தடவ நீங்க வந்தப்ப, பாட்டு நல்லாருக்குன்னு சொன்னிய. நான் நம்பல. சத்தமா இருக்குன்னு சொல்ல மனசில்லாமத்தான் அப்படிச் சொன்னியன்னு எனக்குத் தெரியும்.

யாரு எழுதியிருப்பான்னா கேக்கிய? தையக்கட சுந்தரபாண்டியா? சேச்சே. அவனுக்கு இந்தப் பதவி மேல ஆச உண்டு, இல்லங்கல. ஆனா அவன் மொட்டைக் கடுதாசி எழுதுத ஆளு கெடயாது. ஏசணும்னா நேர வந்து ஏசுவான். கிறிஸ்மசுக்கு மொத நாளு கூட வந்து ஏசிட்டுத்தான் போனான். பெறவு எனக்குச் சட்டையும் தச்சுக் குடுத்தான். ஒரு கை நீளம், அது வேற விசயம். அவன் மேல பழி வேண்டாம் ஐயா. அடுத்தத வாசிங்க.

பிரசங்கமா? அதுவும் உள்ளதுதான். நான் குருப்பட்டம் வாங்கினவன் இல்ல, சொந்தமாப் பேசினா உபதேசம் கோணிப் போவும்னு முன்னால இருந்த ஐயர் ஒரு பிரசங்கப் புஸ்தகம் குடுத்துட்டுப் போனாக. மொத்தம் பன்னெண்டு பிரசங்கம். வருசத்துல ஞாயித்துக்கெழம அம்பத்திரண்டு. நான் என்ன செய்ய? சுத்திச் சுத்தி வாசிக்கேன். ஒம்பதாவது, கிறிஸ்மஸ் பிரசங்கம். அது வருசத்துல நாலு தடவ வந்துரும். சித்திர வெயில்ல, பனிவிழும் இரவிலே மேய்ப்பர்கள்னு ஆரம்பிப்பேன். முன்னால பீடி சுத்துத பொம்பளைக முந்தானையால விசிறிக்கிட்டு இருப்பாக. ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல. பதினொண்ணாவது, துறைமுகத்து ஆளுகளுக்குன்னு எழுதினது போல இருக்கு. அலைகடலில் அல்லற்படும் மாலுமிகளேன்னு தொடங்கும். இங்கேருந்து கடலு எம்புட்டு தூரம்! மரக்கட ஆளுக நாலு பேரும் மாலுமிக கணக்கா தலைய ஆட்டிக்கிட்டு இருப்பாக.

அந்த வரிய வுட்டுட்டு வாசிக்கலாம்லான்னா? எத வுடணும், எத வுடக் கூடாதுன்னு முடிவு பண்ணுத அதிகாரம் எனக்கு எங்க இருக்கு? தலைவன் பிரசங்கம் வாசிக்கலாம், ஜெபம் பண்ணலாம், அடக்கம் பண்ணலாம். ஞானஸ்நானமும், ரொட்டியும் ரசமும் குடுக்க திருவிருந்தும் குருப்பட்டம் வாங்கின ஐயர் கையால மட்டுந்தான். நீங்கதான் அத எனக்கு எழுதிக் குடுத்திய. சட்டம் போட்டுச் சொவத்துல மாட்டி வச்சிருக்கேன்.

அடுத்ததா? வாசிங்க, வாசிங்க. ஏன் தயங்குதிய? பதினாலு பேரு இருக்க சபையில எம்பத்திமூணு பேருன்னு காட்டுதான். இது கொஞ்சம் சங்கடந்தான். இதுல நீங்களும் வாரிய. செங்கோட்டை திருவாங்கூர்லேருந்து நம்ம பக்கம் சேந்துச்சே, அந்த வருசம் ஆடியில வந்திய. பீடத்துகிட்ட நின்னு வெரல நீட்டி நீட்டி நீங்களேதான் எண்ணினிய. எம்பத்திமூணு சரிதான். அதுல அறுவத்தொம்பது பேரு மதுரையிலயும் நாகர்கோயில்லயும் இருந்து அருவியில குளிக்க வந்தவுக. தலையில எண்ண வடிஞ்சதப் பாத்திருப்பிய. ஒரு அம்மா ஈரத்துணியக் கூட பெஞ்சு மேல காயப் போட்ருந்தா.

அதுக்குப் பெறவு சபைப் பத்திரிகையில, தென்காசிப் பக்கம் பெரிய எழுப்புதல், ஜனம் தெரண்டு வருதுன்னு நீங்க எழுதினிய. நான் வாசிச்சேன். அப்பவே மறுத்து ஒரு வரி போட்ருக்கணும். ஐயர் எழுதினதத் தப்புன்னு எழுதுத தைரியம் எனக்கு வரல. அதுதான் என் குத்தம். எழுப்புதல் வந்த சபை தானா நடக்கும்னு சொல்லி, இங்கன சம்பளத்துக்கு இருந்த உபதேசியாரையும் வேற ஊருக்கு மாத்திட்டாக. அன்னையிலேருந்து மணி அடிக்கதும் நாந்தான், கோயிலப் பெருக்கதும் நாந்தான், வீடு வீடாப் போயி நோயாளியப் பாக்கதும் நாந்தான். பொலம்பல, நடந்தத சொல்லுதேன்.

ஏன் மடிக்கிய? இன்னும் ஒண்ணு இருக்குமே. நாலாவது. வகுப்பு நடுவுல ஒரு விதவைய அவமானப்படுத்தினான்னு.

எனக்கு எப்படித் தெரியும்னா? சொல்லுதேன் ஐயா. இந்தப் பாலத்தத் தாண்டட்டும், சக்கரச் சத்தத்துல காது கேக்காது.

அவ பேரு முத்துவடிவு. ஞானஸ்நானத்துல எஸ்தர்னு வச்சாக. அந்தப் பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்புடல, கூப்புட்டாலும் அவ திரும்பல. என்னை விட பத்து வயசு மூப்பு, நான் அக்கான்னுதான் கூப்புடுவேன். வகுப்பு ஒங்களுக்குத் தெரியாததில்ல. புதங்கெழம சாயந்தரம் எல்லாரும் வட்டமா உக்காரணும். தலைவன் ஒவ்வொருத்தரா ஆத்துமா எப்படி இருக்குன்னு கேக்கணும். அவுக அந்த வாரத்துக் கொறையச் சொல்லணும். நம்ம சபைக்கே உள்ள வழக்கம் அது. பக்கத்துச் சபைக்காரன் கேட்டா சிரிப்பான்.

ஏழு வருசத்துக்கு முந்தி அவ மவன் ஆசீர்வாதம், புளியறை மலைக்கு மரம் வெட்டப் போயிட்டு மலைக்காய்ச்சலோட வந்து விழுந்தான். ஒரே மவன். டாக்டர் மருந்து குடுத்தாரு. நாங்க ஜெபம் பண்ணினோம். அவ கூடுதலா ஒரு கருப்புக் கயித்தயும் அவங் கையில கெட்டிட்டா. பொட்டல்புதூர் பள்ளிவாசல்ல ஓதின கயிறு. இந்தா வண்டி விடுதாரே, இவருதான் அக்கறையா வாங்கியாந்து குடுத்தது. அண்ணாச்சி, நீரு ஏன் திரும்புதீரு, ரோட்டப் பாரும். ஒம்ம மேல ஒரு குத்தமும் இல்ல.

அந்தப் புதங்கெழம நான் அவ ஆத்துமாவப் பத்திக் கேக்கல. கயித்தக் கெட்டினது யாருன்னு கேட்டேன். அத்தன பேருக்கும் முன்னால. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தா. விசுவாசம் உள்ளவ அத அறுத்துட்டு வந்து பேசட்டும்னேன். எந்திரிச்சுப் போனா. பக்கத்து வீடுதான். அறுத்துட்டு வந்து, அதே எடத்துல உக்காந்தா. சபைய நல்லா நடத்திட்டோம்னு அன்னைக்கு எனக்கு ரொம்பத் திருப்தி. நாலாம் நாளு அந்தப் பய செத்துப் போனான். அடக்கம் பண்ணினதும் நாந்தான். அப்ப இருந்த ஐயருக்கு வரத் தோதுப்படல, உபதேசியாரும் அன்னைக்கு ஊர்ல இல்ல.

கயித்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஐயா, சாவப் போற பிள்ள கையில இருந்ததப் பெத்தவ கையாலயே அறுக்க வச்சது நாந்தான. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. வகுப்புல எல்லாரையும் கேக்கவன் நான். என்னையக் கேக்கதுக்கு ஆள் இல்ல.

அன்னையோட எங்கிட்ட பேச்ச நிறுத்திட்டா. வகுப்புக்கு மட்டும் ஒரு வாரம் தப்ப மாட்டா. நான் வழக்கம் போலக் கேப்பேன், அவ சொவத்தப் பாத்து, கர்த்தர் அறிவார்ம்பா. நானும் ஆஜர்னு எழுதிக்கிடுவேன். ஏழு வருசம் இப்படியே ஓடிட்டு.

புரட்டாசியிலேருந்து படுக்கையில கெடக்கா. வயித்துல கட்டி. பாளையங்கோட்டை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம், கூட்டிட்டுப் போயி வீட்டுல வச்சுக்கிடுங்கன்னுட்டாக. கஞ்சித் தண்ணி மட்டும் எறங்குது. திருவிருந்து எடுக்கணும்னு கேட்டா, எங்கிட்ட இல்ல, சொவத்துகிட்ட. நான் பாத்தேன். சட்டமாவது ஒண்ணாவது, நானே குடுக்கேன்னு சொன்னேன். அதுக்கும் சொவத்தப் பாத்துத்தான் பதில். இவன் கையால தந்தா அது ரொட்டிக்கட ரொட்டின்னா.

அதான் ஒங்களுக்கு எழுதினேன். ஐப்பசியில ஒண்ணு, கார்த்திகையில ஒண்ணு, மார்கழியில ஒண்ணு. எம்பேர் போட்டு, நல்ல கையெழுத்துல. ஞாவகம் இருக்கா? இருக்கும். சீசனுக்கு வருகையில் அந்த அம்மாளைக் கட்டாயம் சந்திப்போம், அதுவரை ஜெபத்தில் தாங்குங்கள்னு பதில் போட்டிய. நான் கொற சொல்லல. ஒங்களுக்கு எத்தன சபை. எம்பத்திமூணு பேரு இருக்க எடத்துல ஒரு கெழவியத் தாங்க மாட்டாகளான்னு நெனச்சிருப்பிய.

அந்தப் பதில அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். பெறவு தலையத் திருப்பி, நேரா என் மூஞ்சியப் பாத்து, ஏலே தேவபிச்சைன்னா. ஏழு வருசத்துக்குப் பெறவு மொதப் பேச்சு. நல்லதுக்குக் கூப்புட்டா வர மாட்டாகலே, ஒன்னையப் பத்தி ஒரு மொட்டைக் கடுதாசி போடு, மறு வண்டியில வந்து எறங்குவாகன்னா. அவ சொன்னது தப்பில்ல பாத்துக்கிடுங்க. எழுதி ஒம்பதாம் நாளு நீங்க ஸ்டேசன்ல நிக்கிய.

ஆமா ஐயா, நாந்தான் எழுதினேன். எடது கையால. வலது கை எழுத்து ஒங்களுக்குத் தெரியும்லா. கோயில் வெளக்கக் களவாங்கிட்டான்னு போடுலேன்னா. பொய்யெல்லாம் எழுத மாட்டேன், உள்ளதச் சொல்லுக்கான்னேன். பாட்டு, பிரசங்கம், தலையெண்ணிக்கை, மூணையும் மடமடன்னு சொன்னா. மாலுமியளேன்னு நான் வாசிக்க மாதிரியே வாசிச்சுக் காட்டினா. சிரிச்சு வயிறு வலிச்சு, கையால அமுக்கிக்கிட்டா. நான் நாலாவதுக்குப் பேனாவப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அவ்வளவுதாம்லே, கொண்டு போயி ஒட்டுன்னா.

நாலாவது அவ சொன்னதில்ல ஐயா. வீட்டுக்கு வந்து நானா எழுதினது.

அண்ணாச்சி, நிறுத்தும். இதுதான் அக்கா வீடு. கோபமா இருந்தா இருங்க ஐயா, அதுக்கு நான் பாத்தியப்பட்டவந்தான். என்னைய நீக்குத உத்தரவ சாயந்தரம் கோயில்ல உக்காந்து எழுதிக்கிடலாம், நானே மையும் பேனாவும் தாரேன். இப்ப எறங்குங்க. உலந்த திராட்சைய ஊறப் போட்டு ரசம் பிழிஞ்சு, பாத்திரத்தோட உள்ள வச்சிருக்கேன். ரொட்டியும் இருக்கு. வாசல் தாழ்வு, குனிஞ்சு போங்க.

இல்ல, நான் வரல. திருவிருந்துக்கு முன்ன, பிறத்தியாரோட மனஸ்தாபம் தீந்து ஒப்புரவாயிட்டியான்னு கேக்கணும்லா. அத நீங்க கேளுங்க. நான் கேக்க முறையில்ல. நான் இங்கன வண்டிகிட்ட நிக்கேன். உள்ளேருந்து ஏலேன்னு சத்தம் கேட்டா வாரேன்.