கல்லிழுப்புப் பாட்டும் அதன் பாடபேதங்களும்

பியானோ தூக்குகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள், பாடமாட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் பாடுவோம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கும்போது இருவருக்கும் ஒரே நொடி வேண்டும். அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியும் பிடிக்கலாம். ஆனால் எண்ணிக்கை நாலாவது மாடிக்குள் சலித்துவிடும். பாட்டு சலிக்காது.

சரணியா, இதை ஜெர்மனில் மொழிபெயர்க்கப்போவது நீங்கள்தான் என்று பொலிஸ் அதிகாரி சொன்னார். இருபத்தாறு வருடம் சுவிசில் இருக்கிற எனக்கு ஜெர்மன் தெரியாமல் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஜெர்மன் கதவின் அகலத்துக்கும் படியின் உயரத்துக்கும்தான் காணும். சுபேசன் எப்படி இறந்தான் என்பதை ஒழுங்காக எழுதத் தமிழ் வேண்டும். பாட்டைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் விஜிதரன். வயது ஐம்பத்துமூன்று. ஆராவ் நகரில் பியானோக்களை ஏற்றி இறக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். முதல் ஏழு வருடம் என்னோடு தூக்கியவன் டெக்லன் என்ற அயர்லாந்துக்காரன். அவன்தான் அந்தப் பாட்டைக் கொண்டுவந்தான். அவனுடைய ஊர்ப்பக்கம் கற்குழியில் கயிறு போட்டுக் கல்லை இழுத்தவர்கள் பாடியதாம். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் இரண்டு அசையில் ஒரு கூவல் வரும். அந்தக் கூவலில்தான் இழுப்பு.

கூவலுக்கு அர்த்தம் கிடையாது. எங்கள் ஆட்கள் வள்ளம் இழுக்கும்போது சொல்லும் ‘ஐலசா’வுக்கு என்ன அர்த்தமோ அதுதான் இதற்கும். நீங்கள் இங்கே பிறந்தவர், கேட்டிருக்கமாட்டீர்கள். ‘ஐல’வில் மூச்சைப் பிடித்து ‘சா’வில் இழுக்க வேண்டும். அதை மொழிபெயர்க்கக் கஷ்டப்பட வேண்டாம், அப்படியே எழுதிவிடுங்கள்.

டெக்லன் ஊருக்குப் போன பிறகு நான் அந்தப் பாட்டைத் தேட ஆரம்பித்தேன். சும்மா பொழுதுபோக்காகத்தான். பதினொரு வருடத்தில் பத்தொன்பது ஒலிப்பதிவுகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் ஒரு பாடம், அதாவது அந்தப் பாட்டைப் பாடும் ஒரு விதம், என்று குறித்து, எங்கே மூச்சு, எங்கே இழுப்பு என்று கொப்பியில் எழுதி வைத்தேன். பெரும்பாலானவை குப்பை. ஒரு சேர்ந்திசைக் குழு அதைத் தேவாலயத்தில் பாடியிருக்கிறது. நாற்பது பேர், நாற்பது பேருக்கும் நல்ல குரல், ஒருவர்கூட வாழ்க்கையில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கியதாகத் தெரியவில்லை. கிட்டார் அடிக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று பாடிய வேகத்துக்கு ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இழுக்க முடியாது. கற்குழிக்காரர் ஒருவரின் மனைவி குசினியில் இருந்து பாடிய பாடம் ஒன்று உண்டு. அது வடிவு. ஆனால் அவர் கல் இழுத்தவர் அல்ல, இழுத்தவருக்குச் சமைத்தவர். அது பாட்டில் தெரிகிறது.

பதினேழாவது பாடம் ஒரு கிழவருடையது. உண்மையில் கயிறு பிடித்தவர். மற்ற எல்லாருக்கும் இழுப்பு இரண்டாவது அசையில் வரும், எங்கள் ‘சா’ மாதிரி. கிழவருக்கு மட்டும் முதல் அசையில். இரண்டாவது அசை அவருக்குக் கயிற்றைத் தளரவிட்டுக் காலை மாற்றி வைப்பதற்கு. அதை முதலில் கேட்ட அன்று எனக்கு உடம்பு புல்லரித்தது. மற்ற எல்லாரும் பிழையாகப் பாடுகிறார்கள், ஒருவர் சரியாகப் பாடுகிறார், அது எனக்கு மட்டும் தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

சுபேசன் ஐந்து வருடத்துக்கு முன் வேலைக்கு வந்தான். பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் இருந்து ரயிலில் வருவான். முப்பத்தாறு வயது, மனைவி சுகந்தி, நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை. பலசாலி. பாட்டை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டான். நான் மேலே, அவன் கீழே. தோளில் வாரை மாட்டி, நான் பின்னுக்கு நடந்து ஏறுவேன். அவன் என்னைப் பார்த்தபடி ஏறுவான். அடி எடுப்பது நான். கூவலின் இரண்டாவது அசையில் இருவரும் தூக்கி ஒரு படி ஏற்றுவோம்.

கிழவரின் பாடத்தில் தூக்கிப் பார்க்கலாம் என்று பல தடவை கேட்டேன். ஒன்பது மணிக் கோப்பிக்கு லொறியில் உட்கார்ந்து எல்லாப் பாடங்களையும் போட்டுக் காட்டுவேன். அவன் பாணைக் கடித்தபடி கேட்பான்.

“அண்ணை, கிழவன் பாடுறது வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா எனக்கு அதில தூக்க வராது. காது அங்க போகுது, கை ‘சா’வுக்குத்தான் நிக்குது.”

“பழகினா வரும்.”

“பழகிறதுக்குள்ள ஆற்றையோ பியானோ கீழ போயிடும்.”

சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல பையன் என்று சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. தனி ஆள் என்பதால் சுகந்தி எனக்குக் கறி கட்டித் தருவார். சப்பாத்துப் போடும்போது அந்தச் சின்னப்பிள்ளைகூட ‘ஐலசா’ என்றுதான் காலை உள்ளே தள்ளும்.

பேர்னில் அயர்லாந்துப் பாட்டுக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடுகிற ஒரு இடம் உண்டு. மேவ் என்ற அம்மையார் அதை நடத்துகிறார். பழைய வேலைப் பாட்டுகளைச் சேகரிப்பவர். அவருக்கு நான் மூன்று கடிதங்கள் எழுதியிருந்தேன், பத்தொன்பது பாடங்களையும் ஒப்பிட்டு, அட்டவணை போட்டு. ‘சுவாரசியமாக இருக்கிறது, நன்றி’ என்று ஒரு வரி பதில் வந்தது. கடந்த சித்திரையில் நேரிலேயே போய்க் கிழவரின் பாடத்தைப் பாடினேன். சுபேசனையும் கூட்டிப்போனேன், தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால். நான் ஒரு மூச்சுக்கூடப் பிசகாமல் பாடினேன். மரியாதையாகக் கை தட்டினார்கள்.

பிறகு யாரோ சுபேசனையும் பாடச் சொன்னார்கள். அவன் மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே எழும்பினான். எங்கள் படிக்கட்டுப் பாடத்தைத்தான் பாடினான். மூன்றாவது அடியில் அயர்லாந்துக் கூவல் மறந்துவிட்டதோ என்னவோ, ‘ஐலசா’ என்றான். கூட்டம் திரும்ப ‘ஐலசா’ என்றது. அடுத்த அடியில் மேசையில் தட்டினார்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, எதையோ இழுப்பதுபோல இழுத்தார்கள். மேவ் அழுதார். தன் அப்பா பாடினது இப்படித்தான் இருந்தது என்றார். சொல்லில் இல்லை, இழுப்பில் என்றார்.

சுபேசன் என்னைக் காட்டினான். “அண்ணைதான் எனக்குச் சொல்லித் தந்தவர்,” என்றான், அவனுடைய உடைந்த ஜெர்மனில். மேவ் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வந்து தன் சேகரிப்புக்காகப் பாடித்தர முடியுமா என்று கேட்டார்.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது சுபேசன், “நீங்களும் வாங்கோ அண்ணை, சேர்ந்து பாடுவம்,” என்றான். “ஓம் பாப்பம்,” என்றேன்.

எனக்குப் பொறாமை இருந்ததா என்று அதிகாரி இன்று இரண்டு முறை கேட்டார். இல்லை. வலித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அது என்னைப் பற்றிய வலி அல்ல. ஒரு சேகரிப்பில் ஏறிவிட்டால் பாட்டு அதோடு உறைந்துவிடும். நாளைக்கு ஒருவன் தேடி வருவான், ‘ஐலசா’ என்று பாடுகிற இருபதாவது பாடத்தைக் கேட்பான், அதுதான் பாட்டு என்று நினைப்பான். கிழவர் கயிறு பிடித்துக் கண்டுபிடித்த அந்த ஒரு அசை போய்விடும். அதைத் தடுக்க வேறு யார் இருந்தார்கள்?

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் அளவெடுக்கப் போனேன். ஆராவ் பழைய நகரத்தில் மூன்றாம் மாடி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. குறுகின மரப்படி. மற்றப் படிகளில் ஒவ்வொரு தூக்கலுக்குப் பிறகும் பியானோவின் அடி விளிம்பு படியில் இளைப்பாறும். பதினைந்தாவது படியில் வளைவு. அங்கே விளிம்பு தங்க இடமில்லை. ஒரு கூவல் நேரத்துக்கு முழுப் பாரமும் இரண்டு பேரின் தோளில்தான் தொங்கும். அளவை எழுதிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. நான் வழக்கம்போலக் கைத்தொலைபேசியில் எங்கள் பாட்டைப் பதியவிட்டேன். பதினாலு படி எங்கள் பாடம். பதினைந்தாவதுக்கு அடியெடுத்துக் கிழவரின் பாடத்தைப் பாடினேன். முதல் அசையில் நான் தூக்கினேன். சுபேசன் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பியானோ அவன் பக்கம் சரிந்தது. இரண்டாவது அசையில் அவன் தன் முழுப் பலத்தோடும் தூக்கி ஒரு காலை மேற்படிக்கு எடுத்தான். அதே அசையில், கிழவர் கயிற்றைத் தளரவிட்டதுபோல, நான் தோளைத் தளர்த்தி வாரை நழுவவிட்டேன். ஒற்றைக் காலில் நின்றவன் மேல் முழுப் பாரமும் போனது. அவன் முதுகுக்குப் பின்னால் சுவர்.

அதற்கு முன்னால் அவன் ஒரு சொல் சொன்னான். ஒலிப்பதிவில் இருக்கிறது. “அண்ணை, எது?” பொலிசுக்காக நீங்கள் அதை ‘அண்ணா, என்ன இது’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அது பிழை, சரணியா. ‘எந்தப் பாடம்’ என்று கேட்டான். பாடம் மாறிவிட்டது என்று அந்த ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டான். இதை எழுதும்போதுகூட எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. இந்த நாட்டில் வேறு ஒருவருக்கும் அது விளங்கியிருக்காது.

அம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் எடுத்தது. அவன் நாலாவது நிமிடத்திலேயே போய்விட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

ஒலிப்பதிவைப் பொலிஸ் எடுத்துக்கொண்டது. இசை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஆராய்ந்தார்கள். அறிக்கை கிடைத்தபோது நான் நாலாம் பக்கத்தைப் பலமுறை படித்தேன். அந்த நிபுணர் கெட்டிக்காரர், பதினைந்தாவது படியில் இழுப்பு ஒரு அசை முன்னுக்கு வந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் என்ன எழுதியிருக்கிறார்? ‘களைப்பினால் பாடகர் இரண்டு பாடங்களைத் தவறுதலாகக் குழப்பிக்கொண்டார்.’ விபத்து என்று கோப்பை மூடிவிட்டார்கள். எனக்கு ஒரு கண்டனம்கூட இல்லை. அப்படியே இருந்திருக்கலாம். நானும் இருக்கத்தான் பார்த்தேன்.

போன ஞாயிறு சுகந்தி வந்தார், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. கையில் கறிப்பாத்திரம். நன்றாக மெலிந்துபோயிருந்தார்.

“நீங்கள் வேலைக்கும் போகாமல் சாப்பிடாமல் கிடக்கிறீங்கள் எண்டு சொன்னாங்கள்,” என்றார். “அண்ணை, நான் உங்களில ஒரு கோவமும் வைக்கேல்ல. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

நான் பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்தேன்.

“அறிக்கையை வாசிச்சுச் சொன்னவை. பாட்டில பிழை விடுறது ஆருக்கும் வாறதுதான். நீங்கள் எவ்வளவு பாட்டைத் தலைக்குள்ள வச்சிருக்கிறீங்கள், ஒண்டு மாறிப்போச்சு. அவர் இருந்தாலும் உங்களை ஒண்டும் சொல்லியிருக்கமாட்டார். பாவம், அண்ணைக்குத் தடுமாறிட்டுது எண்டுதான் சொல்லியிருப்பார்.”

பிள்ளை என் கொப்பியை எடுத்து வண்ணப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தது. சுகந்தி அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். சாப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு நாலாம் பக்கத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். தடுமாறிட்டுதாம். மாறிப்போச்சாம். அந்தக் கறியை நான் தொடவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. இன்று காலை நடந்தே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

ஆகவே நாலாம் பக்கத்தில் ‘தவறுதலாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டுத் ‘தெரிந்தே’ என்று போடச் சொல்லுங்கள். கொலை என்றால் கொலை என்று எழுதட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எத்தனை வருடம் கொடுத்தாலும் இருக்கிறேன். சுகந்திக்கும் நீங்களே தமிழில் சொல்லிவிடுங்கள், சரணியா, பக்குவமாக. அவர் இனிமேல் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைக்கட்டும். பாட்டுத் தெரியாதவன் என்று மட்டும் நினைக்கக்கூடாது.