பத்தேகால் வரைக்கும்

சீனியர்: நம்ம நாடும் எதிரி நாடும் இன்னைக்கும் மேப்புல இருக்குன்னா, அதுக்கு ஒரே காரணம் நான்தான்.

ஜூனியர்: அண்ணே, மணி பத்து அஞ்சு.

சீனியர்: குறுக்க பேசாத. ஆறு வருஷமா தினம் காலைல பத்து மணிக்கு இந்த போன் அடிக்கும். லைன் உயிரோட இருக்கான்னு பார்க்க, எதிரி நாட்டு ஆபரேட்டர் தோட்டக்கலை புத்தகத்துல ஒரு பாரா படிப்பான். நான் "தெளிவாகக் கேட்டது"ன்னு சொல்லி வச்சிடுவேன். ஒரு வார்த்தை கூட்டிப் பேசினதில்ல.

ஜூனியர்: அதான் இன்னைக்கு அடிக்கலையே...

சீனியர்: நீ? போன வாரம் நான் லீவுல இருந்தப்போ "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டிருக்க. அணுகுண்டு லைன்ல!

ஜூனியர்: வாய் தவறி வந்துடுச்சுண்ணே.

சீனியர்: மேலிடம் என்னைக் கேக்குது, இது மிரட்டலா, விருந்துக்கு அழைப்பான்னு. மூணு பக்கம் விளக்கம் எழுதினேன். அந்தப் புத்தகத்துல "பருத்தி வெடிக்கும்"னு ஒரு வரி. ரெண்டு நாட்டுத் தூதர்களும் நாலு மாசம் உட்கார்ந்து பேசி "பருத்தி மலரும்"னு மாத்தினாங்க. நீ என்னடான்னா...

ஜூனியர்: பத்து எட்டு. நேத்து அவங்க தூதர் பேச்சுவார்த்தைல பாதியிலேயே எழுந்து போயிட்டாராமே?

சீனியர்: ஆமா. புது குண்டு செய்யிற ஆலைக்குள்ள ஆய்வாளர்களை விட மாட்டோம்னுட்டார்.

ஜூனியர்: பத்தேகால் வரைக்கும் போன் வரலேன்னா?

சீனியர்: லைன் செத்துப்போச்சுன்னு மேல சொல்லணும்.

ஜூனியர்: சொன்னா?

சீனியர்: ராக்கெட்டுக்கு எரிபொருள் போடுவாங்க.

ஜூனியர்: அதை அவங்க பார்த்துட்டா?

சீனியர்: ...அவங்களும் போடுவாங்க.

ஜூனியர்: அண்ணே, நாமளே கூப்பிட்டா என்ன?

சீனியர்: நம்ம முறை ரெண்டு மணிக்கு. முன்னாடியே கூப்பிட்டா பயந்துட்டோம்னு நினைப்பான்.

ஜூனியர்: பயந்துதானே உட்கார்ந்திருக்கோம்?

சீனியர்: உன்னைச் சொல்லிக்கோ.

ஜூனியர்: அப்புறம் ஏன் ரெண்டு கையையும் கக்கத்துல சொருகி வச்சிருக்கீங்க?

சீனியர்: ஏசி.

ஜூனியர்: ஏசி ரிப்பேராகி ஒரு வாரம் ஆச்சு.

சீனியர்: ...மணி என்ன?

ஜூனியர்: பத்து பதினாலு. என் பொண்ணை இன்னைக்குத்தான் முதல் தடவையா ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன். அழுதா. திரும்பிக்கூடப் பார்க்காம...

சீனியர்: டேய், அடிக்குது! தள்ளு... ஹலோ!

எதிர்முனை: பக்கம்... நாற்பது. தக்காளி நாற்றை... மாலை வேளையில்... நடுவது நல்லது. வேரில்... மண் உதிராமல்... பார்த்துக்கொள்ளவும்.

சீனியர்: தெளிவாகக் கேட்டது.

எதிர்முனை: நன்றி.

ஜூனியர்: வச்சிடுங்கண்ணே. அதான் வந்துடுச்சே.

சீனியர்: நீ கொஞ்சம் சும்மா இரு... ஹலோ, இருக்கீங்களா? ஏங்க இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?

எதிர்முனை: இன்னைக்கு உங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு எங்க மேலிடத்துல போன் ரூமைப் பூட்டி சாவியை வாங்கிட்டுப் போயிட்டாங்கங்க... ஜன்னல் வழியா ஏறி உள்ள குதிச்சேன்.