ஏழாவது வெடி

மழை மூன்று வருஷம் முகம் காட்டாத ஒரு காலத்தில், கரட்டுப்பட்டியில் ஒச்சப்பன் என்று ஒருவர் இருந்தாராம். பாதி வயசு வரைக்கும் ஆடு மேய்த்தவர். பஞ்சத்தில் ஆடெல்லாம் போனபிறகு கிணறு வெட்டும் வேலைக்கு வந்தாராம்.

மேஸ்திரி வீரணன் அவரைவிடப் பத்து வயசு இளையவன். ஒச்சப்பன் அவனிடம் கேட்பார், கேட்பார், கேட்டுக்கொண்டே இருப்பார்.

“வெடித்திரி நனைஞ்சா என்ன ஆகும் மேஸ்திரி?”

“நேத்துத்தானே சொன்னேன்? உள்ளேயே புகைஞ்சுக்கிட்டு கிடக்கும். எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது.”

“சரியா மனசுல வாங்கிக்கிட்டேனான்னு பார்த்தேன்.”

“ஒச்சண்ணனுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் குடுங்கப்பா!” என்று மற்றவர்கள் சிரிப்பார்களாம். அவரும் சிரிப்பாராம். மறுநாளும் கேட்பாராம்.

ஒருநாள் அடிப்பாறை கசிந்தது. ஊரே குடத்தோடு வந்து நின்றது. பாறையில் ஏழு குழி போட்டு வெடிமருந்து வைத்துத் திரி கொளுத்தினார்கள். டமார், டமார் என்று பாறை வெடித்தது. புகை அடங்கியது.

வீரணன் இடுப்பில் வடத்தைக் கட்டி, கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப்போட்டான். “விடுங்கண்ணே வடத்தை!”

ஒச்சப்பன் வடத்தைப் பக்கத்துப் பாறையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். “ஆறுதான் வெடிச்சுது.”

“ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும்.”

“இருக்கலாம். எனக்குத் தெரியலை.”

“எனக்குத் தெரியும்யா! இருபது கிணறு வெட்டினவன் நான். விடு!”

“விடமாட்டேன். நான் சொன்னது தப்புன்னா ஊரே சிரிக்கட்டும்.”

அவருக்கும் உள்ளே உதறல்தான். தப்பாக எண்ணியிருந்தால்? ஆனாலும் விடவில்லை.

வீரணனுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து வந்தான். அறையக் கையை ஓங்கினான்.

காலடியில் நிலம் குதித்தது. கிணற்றுக்குள்ளிருந்து கல்லும் புகையும் பனை உயரம் எழும்பின.

வீரணன் ஓங்கின கை ஓங்கினபடியே நின்றதாம். பிறகு அவர் பக்கத்தில் கீழே உட்கார்ந்தான்.

“எப்படிண்ணே எண்ணினீங்க?”

“ஏழு கல்லு எடுத்துக்கிட்டேன். ஒரு சத்தத்துக்கு ஒரு கல்லா இடக்கையிலேருந்து வலக்கைக்கு மாத்தினேன். ஒண்ணு மிச்சம்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

அதிலிருந்து, அந்தப் பக்கத்துக் கிணறுகளில் வெடி முடிந்ததும் மேஸ்திரி முதலில் இறங்குவதில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவரைக் கூப்பிட்டு, “எத்தனை?” என்று கேட்பார்களாம். அவர் “தெரியலை” என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. அன்றைக்கு யாரும் இறங்குவதும் இல்லை.