இருபத்து மூன்று மதிப்பெண்

பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டுதான் நான் வார்டுக்குள் நுழைவேன். மழுங்கிய பென்சில் என்றால் எனக்கு அன்றைக்கு வேலையே ஓடாது. நோயாளி மனம் மாறினால் திருத்த வசதியாகப் படிவத்தைப் பென்சிலில்தான் நிரப்புவோம்.

என் வேலை சின்னதுதான், ஐயா. டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடை, குளியல், வலி, தூக்கம், மனநிறைவு என்று ஐந்து கேள்வி கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். மொத்தம் பத்துக்குக் கீழே போனால், இப்படி வாழ்வது அவருக்கே பாரம் என்று டாக்டர்கள் குழு முடிவுசெய்து டயாலிசிஸை நிறுத்திவிடும். ஆனால் மதிப்பெண்ணை நோயாளிதான் சொல்ல வேண்டுமாம். இந்த விதியை எழுதியவர் ஒரு நாள்கூட வார்டில் நின்றிருக்க மாட்டார்.

லாரி அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு காலும் போய், பார்வையும் மங்கிவிட்டது.

“நடக்கிறதுல கஷ்டம் இருக்காண்ணே?”

“கால் இருக்கிறவனுக்குத்தாம்மா அந்தக் கஷ்டம். அஞ்சு போடு.”

“குளிக்கிறது?”

“எம் பொண்ணு குளிப்பாட்டுது. ராஜ உபசாரம். அதுக்கும் அஞ்சு.”

அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த மகள், “வாயை மூடுப்பா, வெட்டிரும்” என்றாள். இருவரும் சிரித்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடமாக, இதே இருபத்து மூன்று. உண்மையைச் சொல்லுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்.

மகள் தண்ணீரைக் கொட்டப் போனாள். நான் அழித்துவிட்டுச் சரியானதை எழுதினேன். எட்டு.

“எங்கேம்மா வைக்கணும்?” என்று கட்டைவிரலை நீட்டினார். நான்தான் பிடித்து மையில் தோய்த்து வைத்தேன். “நல்லா இரும்மா” என்றார்.

டயாலிசிஸ் நின்றதும், ஏன் நிறுத்தினீர்கள் என்று மூன்று நாள் சத்தம் போட்டார். கடைசி நேரத்தில் பலருக்கு மனம் தடுமாறும் என்று குறிப்பெழுதினேன். டாக்டர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

“அப்பா உங்ககிட்ட நிஜமாவே அப்படியா சொன்னாரு?” என்று மகள் கேட்டாள்.

“உன் மனசு கஷ்டப்படும்னுதான் அவரு உன்கிட்ட சொல்லலைம்மா” என்றேன்.

எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சிக்காக எங்களையே அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். நான் ஒளிவுமறைவில்லாமல் நிரப்பினேன். பதினொன்று வந்தது. இரண்டு காலோடு நடமாடுகிற எனக்கே பதினொன்று என்றால், அவருக்கு எப்படி ஐயா இருபத்து மூன்று வரும்?