மொட்டு விட்ட நேரத்தில் மாற்றிய தொட்டி

ஆர்க்கிட் செடிக்குத் தொட்டி மாற்றும்போது பலரும் செய்கிற தவறு, பெரிய தொட்டியாக வாங்கிவிடுவது. இடம் தாராளமாக இருந்தால் வேர் செழிக்கும் என்று நினைக்கிறார்கள். பழைய தொட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் உள்ளே ஈரம் தங்கி வேர் அழுகிவிடும். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவதெல்லாம் மனிதர்கள்தான். செடி அந்த அளவுக்கு மோசமில்லை.

நீங்கள் தொட்டியைப் பற்றிக் கேட்டதால் இதை முதலில் சொன்னேன், இன்ஸ்பெக்டரம்மா. என் தம்பி மனைவியைப் பற்றியும் சொல்கிறேன். அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் செடி பதினோரு வருடமாக என்னுடையது. ஒவ்வொரு இலையும் முழங்கை நீளம். மேல்பாரம் அதிகம் என்பதால் கனமான மண் தொட்டியில் வைத்து, அடியில் கூழாங்கல் நிரப்பியிருந்தேன். மாடிப்படி ஏறி முடிந்ததும் ஒரு ஜன்னல் இருக்கிறதே, அதற்குக் கீழே முக்காலியின் மேல் இருந்தது.

எங்கள் அப்பா அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து மூன்று. நான்தான் வளர்த்தேன். எனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை. அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். வாயில்லாப் பூச்சி என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். உண்மைதான், ஒரு நாள்கூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். முதலில் சமையலறை. அப்புறம் தம்பியின் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது. அப்புறம் செடி. என் கையில் ஆறு வருடம் பூக்காமல் இருந்தது, அவள் வந்த மறு வருடமே பூத்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "எல்லாம் அவ கைராசி" என்று தம்பி சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது ஒரு நாள் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க ரூம்லதான் வெளிச்சம் நல்லா வருது. பாப்பாவுக்குச் சரியா இருக்கும். உங்களுக்கும் மாடி ஏறி எறங்கக் கஷ்டமா இருக்குல்ல? பக்கத்துத் தெருவுல சின்னதா ஒரு வீடு காலியா இருக்காம். நீங்க ஒருத்தர்தானே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் "பாக்கலாம்மா" என்றேன். தம்பிக்கும் இது தெரியும் என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது.

செடிக்குத் தண்ணீர் தேவையா என்று நான் தொட்டியைத் தூக்கித்தான் பார்ப்பேன். பழகிய கைக்குக் கனத்திலேயே தெரிந்துவிடும். அவளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருந்தேன். ஜன்னலைப் பார்த்து, படிகளுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மூச்சைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துத் தூக்குவாள். மெதுவாகத் தூக்கினால் அவளுக்கு அது அசையாது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் விடவில்லை. செடியில் மொட்டு விட்டிருந்தது, என் பொறுப்பில் விட அவளுக்கு மனமில்லை.

"நான் இல்லாதப்ப அவளத் தூக்க விடாதக்கா" என்றான் தம்பி.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். பிள்ளைத்தாய்ச்சி தூக்குகிற தொட்டி லேசாக இருப்பதுதானே நல்லது? நர்சரியில் கறுப்புதான் இருந்தது. வீட்டுக்குப் பொருந்தட்டும் என்று செங்கல் நிறம் அடித்தேன். பழைய தொட்டியில் எங்கெங்கே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததோ, இதிலும் அங்கங்கே சுண்ணாம்பைத் தொட்டு வைத்தேன். இரவு இருவரும் தூங்கிய பிறகு செடியை அதற்கு மாற்றினேன். கூழாங்கல் போடவில்லை, மரப்பட்டைத் துண்டுகள் மட்டும். செடி சாயாமலிருக்க ஜன்னல் கம்பியில் தையல் நூலால் கட்டினேன். இழுத்தால் அறுந்துவிடும் நூல்.

நர்சரிக்காரர் அன்றைக்கே கேட்டார், "மொட்டு விட்ட செடிக்கு யாராவது தொட்டி மாத்துவாங்களா? பூத்து முடியட்டும்மா." அதையே உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறார். ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் இந்தத் தவறைச் செய்யவே மாட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். சரிதான். நானும் தவறிச் செய்யவில்லை.

மறுநாள் காலை தம்பி வேலைக்குப் போன பிறகு அவள் ஜன்னலுக்கு வந்தாள். நான் என் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் இழுத்த அதே வேகத்தில் இழுத்தாள். கையில் கனமே இல்லை. தொட்டியை மார்போடு அணைத்தபடி பின்பக்கமாகப் போனாள். பதினாறு படிகள்.

துக்கம் கேட்க வந்தவர்கள், வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்துவிட்டதே என்று அழுதார்கள். பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் உடையாது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவள் தூக்கிச் சிரமப்படக் கூடாது என்றுதான் மாற்றினேன் என்று தம்பியிடம் சொன்னேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லது நெனச்சுதானக்கா செஞ்ச" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் என் கையைப் பிடித்தது அன்றுதான். நிம்மதியாக இருந்தது.

பத்தாவது நாள் பெட்டியைக் கட்டினான். "இந்த வீட்ல என்னால இருக்க முடியலக்கா." நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். எங்கே போகிறான் என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டான்.

"விழுந்தப்புறம் ஏதாவது சொன்னாளாக்கா?"

"இல்லப்பா. உடனே உயிர் போயிடுச்சு."

அது பொய். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் மூன்று முறை "அக்கா" என்று கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது குரல் மிகவும் இறங்கிவிட்டிருந்தது. நான் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். போன் மடியில்தான் இருந்தது. சத்தம் முழுவதும் நின்ற பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். விலாசத்தைத் தெளிவாகச் சொன்னேன்.

கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்லிவிட்டேன். தம்பி இப்போது தங்கியிருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த விலாசத்தைக் கொடுங்கள். பக்கத்தில் நான் இல்லாவிட்டால் அவன் நேரத்துக்குச் சாப்பிட மாட்டான்.