முன்மொழிபவர் இடம் காலி

மேடையில் வீற்றிருக்கும் சங்க நிர்வாகிகளே! முன்வரிசையில் இருக்கும் அண்ணியாரே, மகளே! நாற்காலி போதாமல் வாசல்வரை நிற்கும் லிஃப்ட் தொழிலாளத் தோழர்களே! வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்பது ஆண்டுகளாக உங்கள் தலைவன் நான். நான் போனால் இதில் பாதிப் பேராவது வருவீர்களா?

படிக்கட்டார்! எல்லாக் கட்டடத்திலும் லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டு, தான் மட்டும் படியேறிப் போன மெக்கானிக். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "மூடுன ரூமுக்குள்ள மூணு வருஷம் இருந்தாச்சு தலைவரே, போதும்" என்றார்.

மேற்பார்வையாளரின் தாடையைப் பெயர்த்ததற்காக அந்த மூன்று வருஷம். அடித்தது தப்புதான் என்று அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் வெளியே வந்த பிறகு? வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. மெக்கானிக் லைசென்ஸுக்கு ஓராண்டு அலைச்சல். சங்கத் தேர்தலில் நிற்க ஐந்தாண்டு தடை. சிறைக்கதவு திறந்த பிறகும் தண்டனை முடியவில்லை!

அவர் என்ன செய்தார்? சட்டத்தைக் கரைத்துக் குடித்தார். சிறை போய்வந்த ஒவ்வொருவருக்கும் எந்த உரிமை எந்தத் தேதியில் திரும்பும் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தார். அந்தத் தேதி விடிந்ததும், நிரப்பிய விண்ணப்பத்தோடு அந்த ஆளின் கதவைத் தட்டுவார். "எந்திரிப்பா. இன்னியிலேர்ந்து நீ முழு ஆளு. கையெழுத்தப் போடு." முப்பத்தெட்டுக் கதவுகள்! என் அறையில் சங்க வக்கீல் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். நீங்களோ படிக்கட்டில் அவர் முன்னால் வரிசைகட்டுவீர்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவருடைய ஐந்தாண்டு முடிந்த தேதி உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். நாற்காலி போய்விடுமே என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் நான்!

அந்த ஆண்டு வேட்புமனு தாக்கலுக்கு இரண்டு நாள் பாக்கி. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, என் மேசைக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். "என்ன, புதுமாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?" என்று தெரியாதவன்போல் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தலைவரே, சும்மாதான்."

எழுந்து படியிறங்கிப் போனார். நான் போட்டியின்றித் தேர்வானேன். எனக்கு முதல் மாலை போட்டவரும் அவர்தான்.

நேற்று அவர் மகள் அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். "அப்பா இதை உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு, சித்தப்பா." உள்ளே, அந்த இஸ்திரிச் சட்டை நாளின் தேதியிட்ட ஒரு வேட்புமனு. தலைவர் பதவிக்கு, அவர் பெயரில். முன்மொழிபவர் இடம் மட்டும் காலி. என்னிடம் கொடுக்கச் சொன்னாராம்! செத்தும் என்னை ஜெயித்துவிட்டார், பாருங்கள்!

நோட்டில் அடுத்த தேதி வருகிற வியாழக்கிழமை. அச்சகத்துத் தம்பி, பின்னால்தானே நிற்கிறாய்? காலை ஆறு மணிக்கு உன் கதவைத் தட்டுவேன். நாலு மாடியும் படியேறித்தான் வருவேன்.

இந்த மனு இனிச் செல்லாது. தெரியும். இருந்தாலும் உங்கள் கண்முன்னால் இதோ கையெழுத்திடுகிறேன். படிக்கட்டாரைத் தலைவராக முன்மொழிகிறேன்.

வழிமொழிபவர்கள் எழுந்து நில்லுங்கள்.